சீசனில் சாம்பிளை யார் எடுப்பது? ஆபரேட்டர், பருவகாலப் பணியாளர், தானியங்கி: ஓர் ஒப்பீடு

தக்காளிக் கூழ், பழச்சாறு, உறைந்த காய்கறி போன்றவற்றைத் தயாரிக்கும் ஆலையில் அறுவடைக் காலம் தொடங்கிவிட்டால் இரண்டு மூன்று மாதத்துக்கு இயந்திரம் நிற்காது. மூன்று ஷிப்டிலும் லாரி வரும். ஒவ்வொரு லோடையும் வாசலிலேயே சோதிக்க வேண்டும். லைனில் மணிக்கொரு சாம்பிள், கழுவி முடித்த தளத்தில் ஸ்வாப் (பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுக்கும் சாம்பிள்), நிரப்பிய பைகளுக்குத் தனிக் கணக்கு. ஆண்டு முழுவதும் லேபில் இருக்கும் சிலரால் இவ்வளவையும் எடுத்து முடிக்க முடியாது. ஆகவே சீசனுக்கு முன்பே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: சாம்பிளை யார் எடுப்பது?

வழிகள் மூன்று. லைனில் நிற்கும் ஆபரேட்டரே எடுக்கலாம். சீசனுக்கென்று தனி ஆட்களைச் சேர்க்கலாம். குழாயிலேயே தானியங்கி சாம்ப்ளரும் அளவீட்டுக் கருவியும் பொருத்தலாம். வெளி லேபுக்கு அனுப்புவதைச் சிலர் நான்காவது வழியாகச் சேர்ப்பார்கள். ஆனால் அது சோதனையை யார் செய்வது என்பதற்குத்தான் பதில். வெளியே அனுப்பினாலும் பாட்டிலை நிரப்ப இங்கே ஒரு கை வேண்டும்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆலை முழுமைக்கும் ஒரே வழி என்று வைத்துக்கொண்டால் ஏதாவது ஓரிடத்தில் நிச்சயம் தவறும். சாம்பிள் எடுக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாகத் தேர்வு செய்ய வேண்டும். ஏன் என்பதைத் தக்காளிக் கூழை முதன்மை உதாரணமாக வைத்துப் பார்ப்போம். மற்றப் பொருள்களுக்கும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது.

பிழை எங்கே பிறக்கிறது

சீசன் நெருங்கும்போது பல ஆலைகள் செய்யும் முதல் செலவு, பிரிக்ஸை, அதாவது சாற்றில் கரைந்துள்ள சர்க்கரை முதலியவற்றின் சதவீதத்தை, அளக்க இன்னும் நுட்பமான ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குவது. அதனால் எவ்வளவு லாபம் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு லாரிக்குள் எந்த இடத்திலிருந்து எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து பிரிக்ஸ் அளவின் திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 0.4 என்றும், கருவியின் திட்ட விலக்கம் 0.1 என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டையும் நேராகக் கூட்டக்கூடாது. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் காண வேண்டும். மொத்தம் 0.41 வரும். கருவியை மாற்றி அதன் விலக்கத்தை 0.05 ஆகப் பாதியாக்கினாலும் மொத்தம் 0.40தான். பழைய கருவியையே வைத்துக்கொண்டு, ஓரிடத்துக்குப் பதில் நான்கு இடங்களில் எடுத்துக் கலந்தால் சாம்பிள் விலக்கம் 0.2 ஆகக் குறையும், மொத்தம் 0.22 ஆகிவிடும். கருவியில் போட்ட பணம் பிழையில் நூறில் இரண்டு பங்கைத்தான் குறைத்தது. சாம்பிள் எடுக்கும் முறையில் செய்த மாற்றம் பிழையைக் கிட்டத்தட்டப் பாதியாக்கிவிட்டது.

எனவே யார் எடுப்பது என்பதை ஆள் ஒதுக்கீட்டுப் பிரச்சினையாக மட்டும் பார்க்க வேண்டாம். லேப் தரும் எண்ணை நம்பலாமா என்பதே அதில்தான் அடங்கியிருக்கிறது.

வேலையை மணிக்கணக்கில் எழுதுங்கள்

"போன வருஷம் அஞ்சு பேர் இருந்தாங்க, இந்த வருஷமும் அஞ்சு பேர்" என்று ஆள் எடுப்பதை நிறுத்துங்கள். கணக்கு எளியது. ஓர் ஆலைக்கு ஒரு நாளில் 120 லாரி வருகிறது, ஒரு லாரிக்கு 6 நிமிடம் என்றால் 12 மணி நேரம். லைனில் 4 இடங்களில் மணிக்கு ஒரு முறை, ஒவ்வொன்றுக்கும் 5 நிமிடம் என்றால் 8 மணி நேரம். 20 ஸ்வாப், தலா 4 நிமிடம்: 1 மணி 20 நிமிடம். நிரப்பிய பைகளில் 24 சாம்பிள், தலா 3 நிமிடம்: 1 மணி 12 நிமிடம். மொத்தம் இருபத்திரண்டரை மணி நேரம். நடப்பது, கை கழுவுவது, பாத்திரம் கழுவுவது, பதிவு எழுதுவது ஆகியவற்றுக்கு 30 சதவீதம் சேர்த்தால் 29 மணி நேரத்தைத் தாண்டும். 8 மணி நேர ஷிப்டில் ஒருவரிடமிருந்து உண்மையில் கிடைப்பது ஆறரை மணி நேரம்தான். ஆக நாளொன்றுக்கு 5 பேர். வாரம் ஒரு நாள் விடுப்பு தந்தால் 6 பேர். காய்ச்சல், அவசரம் என்று யாராவது வராத நாளுக்காக ஒருவரைச் சேர்த்தால் 7.

இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கும் சிக்கல், லாரிகள் சீராக வருவதில்லை என்பது. பகலில் அறுவடை செய்து மாலையில் ஏற்றி அனுப்பினால் இரவு முற்பகுதியில் வரிசை நீளும். சராசரியை வைத்து ஆள் போட்டால், நெரிசல் நேரத்தில் 6 நிமிட வேலை 2 நிமிடத்தில் முடிந்துவிடும். எப்படி முடிந்தது என்று சொல்ல வேண்டியதில்லை: மேலே கைக்கு எட்டியதை அள்ளியிருப்பார்கள்.

ஆபரேட்டரே எடுப்பது

இதன் பெரிய பலம் வேகம். நீரை வற்றவைக்கும் ஆவியாக்கியிலிருந்து வரும் கூழின் பிரிக்ஸ் 28க்குப் பதில் 27.4 என்று தெரிந்தால், அங்கேயே நிற்கிறவர் உடனே திருத்துகிறார். லேப் ஆள் எடுத்துப் போய், குளிர்வித்து, அளந்து, போனில் சொல்வதற்குள் பல பீப்பாய்கள் நிரம்பிவிடும். வால்வு எங்கே இருக்கிறது, எது சூடு, எந்தக் குழாய் இப்போது கழுவப்படுகிறது என்பதும் ஆபரேட்டருக்குத் தெரியும். 90 டிகிரியில் வரும் கூழ் தோலில் பட்டால் தண்ணீர்போல வழிந்தோடாமல் ஒட்டிக்கொண்டு சுடும். புதிய ஆளை முதல் வாரத்திலேயே அந்த வால்வுக்கு முன் நிறுத்துவது ஆபத்து.

பலவீனம், தான் செய்த வேலைக்குத் தானே மதிப்பெண் போடுவது. கெட்ட எண்ணம் வேண்டியதில்லை. லைன் நிதானத்துக்கு வந்த பிறகு எடுப்போம் என்று மனம் இயல்பாகவே சொல்லும். நிறுத்தத்துக்குப் பின் வரும் முதல் பத்து நிமிடம், அதாவது மிக மோசமாக இருக்கக்கூடிய பகுதி, பதிவிலேயே இருக்காது. இன்னொன்று, லைனில் கோளாறு வந்தால் ஆபரேட்டர் முதலில் விடுவது சாம்பிளைத்தான். மிக அதிகமாகச் சோதிக்க வேண்டிய நேரத்தில் மிகக் குறைவாகச் சோதனை நடக்கும்.

ஆபரேட்டரை நம்பக்கூடாத வேலை இன்னொன்றும் உண்டு: நுண்ணுயிர்ச் சோதனைக்கான சாம்பிள். அதற்கு 70 சதவீத ஆல்கஹாலில் வால்வின் வாயைத் துடைத்து, காயவிட்டு, கிருமி நீக்கிய பையை உள்பக்கம் தொடாமல் திறந்து, மூடி, உடனே குளிரில் வைக்க வேண்டும். கிரீஸ் படிந்த கையுறையோடு இயந்திரத்துக்கும் பைக்கும் மாறி மாறி ஓடுகிறவரால் இதைச் சரியாகச் செய்ய இயலாது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வேலையின் தன்மை அப்படி.

பருவகாலப் பணியாளர்

இவருக்கு உற்பத்தி இலக்கு கிடையாது. எண் கூடினாலும் குறைந்தாலும் அவருக்கு ஒன்றுமில்லை. மூலப்பொருள் வாசலில் இந்த ஒரு தகுதிதான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது. அங்கே வரும் எண்ணை வைத்துத்தான் விவசாயிக்கு விலை போடப்படுகிறது அல்லது லோடு திருப்பப்படுகிறது. அந்த எண்ணால் லாபமோ நட்டமோ அடையும் யாரும் சாம்பிளைத் தொடக்கூடாது: ஓட்டுநர், கொள்முதல் அதிகாரி, உற்பத்தி மேற்பார்வையாளர் மூவரும் இதில் அடக்கம்.

வாசலில் வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். லாரி குலுங்கி வரும்போது மண்ணும் நசுங்கிய பழமும் சாறும் கீழே இறங்கிவிடும். மேலே இருப்பது அழகாக இருக்கும். ஆகவே மேலிருந்து அடிவரை போகும் உருளைக் குழாயால்தான் எடுக்க வேண்டும். இரண்டு இடங்களில் இறக்கி, மொத்தம் சுமார் 20 கிலோ. எந்த இரண்டு இடம் என்பதை ஆள் தேர்ந்தெடுக்கக் கூடாது. லாரியின் பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து எண்ணிட்டு, கணினி தரும் தற்செயல் எண்ணைப் பின்பற்ற வேண்டும். எப்போதும் பின்பக்க மூலைதான் என்று தெரிந்துவிட்டால், அந்த மூலையில் நல்ல பழம் வந்து சேரும். குழாயிலிருந்து சாறு வடிந்துபோனால் அதையும் பிடித்துச் சேர்க்க வேண்டும்; இல்லையென்றால் நசுங்கிய பங்கு குறைவாகத் தெரியும்.

எடுத்த 20 கிலோவையும் அரைக்க முடியாது, குறைக்க வேண்டும். இங்கேதான் புதியவர்கள் தவறுவார்கள். தொட்டியிலிருந்து இரண்டு கை அள்ளுவது குறைப்பதாகாது. தட்டில் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைச் சேர்த்து, மறுபடி பரப்பிப் பிரிக்க வேண்டும். நடுவில் அழுகல் ஒன்று வந்தால் கை தானாகவே அதை ஒதுக்கும். அதை ஒதுக்கக் கூடாது என்பதை முதல் நாளே அழுத்திச் சொல்ல வேண்டும்.

அரைத்த பிறகு வரும் தவறுகள் வேறு வகை. பிரிக்ஸ் அளவு 20 டிகிரி செல்சியஸுக்கானது. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் வாசிப்பு ஏறக்குறைய 0.07 குறையும்; 30 டிகிரியில் இருக்கும் சாற்றைத் திருத்தாமல் படித்தால் 0.7 குறைவாகக் காட்டும். தானாகத் திருத்தும் கருவியாக இருந்தாலும் சாறு, அதை வைக்கும் பிரிஸத்தின் வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். அவசரத்தில் உடனே பொத்தானை அழுத்துவதுதான் இரவு ஷிப்டின் வழக்கமான பிழை. சூடான கூழைத் திறந்த கோப்பையில் ஆறவிட்டால் நேர்மாறு நடக்கும்: நீர் ஆவியாகி பிரிக்ஸ் கூடும். மூடியுள்ள பிளாஸ்டிக் பாட்டிலை முழுதாக நிரப்பி, தண்ணீரில் வைத்து ஆற்ற வேண்டும். கண்ணாடிப் பாட்டிலுக்கு உற்பத்தித் தளத்தில் இடமே கிடையாது.

பயிற்சிக்கு ஒரு வாரம் போதும், ஒழுங்காகச் செலவழித்தால். முதல் நாள் சுகாதாரமும் பாதுகாப்பும். அடுத்த இரண்டு நாள் அனுபவசாலியோடு கூட நிற்பது. நான்காம் நாள் முக்கியம்: இருவரும் ஒரே லாரியில், ஒரே குழாயில், ஒருவருக்கொருவர் தெரியாமல் பத்து ஜோடி சாம்பிள் எடுக்க வேண்டும். சராசரி வித்தியாசம் 0.2 பிரிக்ஸுக்குள் இருந்தால் தனியாக விடலாம். எப்போதும் ஒரே திசையில் விலகினால் முறையில் ஏதோ தவறு. இருபக்கமும் சிதறினால் கவனக்குறைவு. இரண்டுக்கும் மருந்து வேறு.

எல்லா வேலையையும் இவர்களிடம் தர முடியாது. தக்காளிக் கூழில் பூஞ்சை இழை எண்ணும் ஹோவர்ட் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். 0.1 மில்லிமீட்டர் ஆழமுள்ள தகட்டில் பரப்பி, நுண்ணோக்கியில் ஒவ்வொரு பார்வைப் புலமாகப் பார்க்க வேண்டும். மூன்றுக்கு மேற்படாத மிக நீள இழைகளின் கூட்டு நீளம் புலத்தின் விட்டத்தில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்தப் புலம் கணக்கில் சேரும். எது பூஞ்சை இழை, எது தக்காளி நார் என்று பிரித்தறியக் கண் பழக வேண்டும். சீசன் ஆள் பழகி முடிக்கும்போது சீசனும் முடிந்திருக்கும். இதை நிரந்தர ஊழியருக்கே வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு நேரம் கிடைக்க, சாம்பிள் எடுக்கும் சுமையைப் பருவகாலப் பணியாளருக்குத் தாருங்கள்.

கடைசியாக, பலரும் பேசத் தயங்கும் விஷயம்: எடுக்காத சாம்பிளுக்கு எண் எழுதுவது. மூன்று மணிக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது, போன மணி நேரத்தின் எண்ணைக் கொஞ்சம் மாற்றி எழுதுவது மனிதரால் ஆகக்கூடியதே. கண்டுபிடிக்கவும் முடியும். நூறு வாசிப்புகளின் கடைசி இலக்கத்தை எண்ணுங்கள். ஒவ்வோர் இலக்கமும் ஏறக்குறையப் பத்து முறை வர வேண்டும். 0, 5 இரண்டும் சேர்ந்து பாதியை அடைத்திருந்தால் கருவியைப் படிக்கவில்லை என்று பொருள். ஒரு ஷிப்டின் எண்கள் மட்டும் மற்ற ஷிப்டுகளைவிட மிகச் சீராக இருந்தால் அதுவும் சந்தேகத்துக்குரியது. இருபதுக்கு ஒன்று என்ற கணக்கில் இரட்டைச் சாம்பிள் எடுத்து, வேறு எண்ணிட்டு அனுப்புங்கள். ஆனால் முதலில் மேலே உள்ள மணிக்கணக்கைச் சரிபாருங்கள். ஐந்து பேர் வேலையை மூவரிடம் தந்துவிட்டு நேர்மையை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

தானியங்கி சாம்ப்ளரும் குழாய்க் கருவியும்

தூங்காது, மறக்காது, இரவிலும் பகலிலும் ஒன்றுபோல எடுக்கும். ஆவியாக்கியின் வெளிவாயில் குழாயிலேயே பொருத்திய ரிஃப்ராக்டோமீட்டர் இருந்தால் நொடிக்கு நொடி பிரிக்ஸ் தெரியும். எந்த ஆளாலும் இதற்கு ஈடு கொடுக்க முடியாது. குழாய் வழியாக ஓடும் திரவத்துக்கு எங்கள் முதல் தேர்வு இதுவே, மூன்று நிபந்தனைகளோடு.

முதலாவது, பிரிஸத்தில் கூழ் படிந்து காயும். அப்போது கருவி படிவத்தைத்தான் அளக்கும். லைனில் மாற்றம் வந்தாலும் வரைபடம் நேர்கோடாகவே போகும். நீராவி அல்லது சுடுநீர் பீய்ச்சும் முனை கட்டாயம் வேண்டும். ஷிப்டுக்கு இருமுறையாவது கையால் எடுத்த சாம்பிளோடு ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, சாம்பிள் குழாயில் தேங்கும் பழைய சரக்கு. உள்விட்டம் 12 மில்லிமீட்டர், நீளம் 2 மீட்டர் என்றால் அதற்குள் 226 மில்லிலிட்டர் நிற்கும். அதைப்போல் மூன்று மடங்கு, சுமார் 700 மில்லிலிட்டர் வடித்துவிட்ட பிறகு வருவதுதான் இப்போதைய சரக்கு. கையால் திறக்கும் வால்வுக்கும் இதே கணக்குதான். முக்கியக் குழாயிலிருந்து பிரியும் முட்டுக் கிளையின் நீளம் அதன் விட்டத்தின் ஒன்றரை முதல் இரண்டு மடங்கைத் தாண்டினால் கழுவும் நீர் உள்ளே புகாது. கிருமி வளர இடமாகிவிடும்.

மூன்றாவது, சிறிது சிறிதாகச் சேர்த்த கூட்டுச் சாம்பிள் சராசரியை மட்டுமே சொல்லும். ஒரு மணி நேரத்தில் மூன்று நிமிடம் பம்ப் சீல் கசிந்து தண்ணீர் கலந்தால் அது சராசரியில் கரைந்துபோகும். விலைக்கும் தரத்துக்கும் சராசரி போதும். பி.எச். (அமிலத்தன்மையின் அளவு; எண் கூடினால் அமிலம் குறைவு) போன்ற பாதுகாப்பு எல்லைக்குப் போதாது. அங்கே 4.6 என்பது தாண்டக் கூடாத கோடு. அதற்கு மேல் போட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சு நோயை உண்டாக்கும் கிருமி வளர முடியும். சராசரி 4.4 என்பதால் எந்தப் பையும் 4.6ஐத் தாண்டவில்லை என்று ஆகாது. பி.எச். தனித்தனிச் சாம்பிளாகத்தான் இருக்க வேண்டும். மீட்டரை ஒவ்வொரு ஷிப்டிலும் பி.எச். 4, 7 என்று அளவு தெரிந்த தாங்கல் கரைசல்களில் சரிபார்க்க வேண்டும். எலக்ட்ரோடில் கூழ் படிந்தால் வாசிப்பு மெதுவாக நகரும், அதையும் கவனிக்க வேண்டும்.

சீசன் நடுவில் தானியங்கியைப் பொருத்த முயலவே கூடாது. குழாயை வெட்ட வேண்டும், கழுவும் சுற்றில் இணைக்க வேண்டும், பல வாரம் கைச் சாம்பிளோடு ஒப்பிட வேண்டும். லாரி, பெட்டி, கூடை போன்ற திடப்பொருளுக்கு உருளைக் குழாய் இயந்திரம் உதவும். ஆனால் குறைப்பதும் அழுகலைப் பிரித்து எடைபோடுவதும் அப்போதும் கைவேலையே.

ஸ்வாப்: ஆள் தேர்வில் சமரசம் வேண்டாம்

ஸ்வாப் வேலையை மிச்சமிருக்கும் ஆளிடம் தள்ளுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. 2015க்கும் 2018க்கும் இடையில் ஐரோப்பாவில் 5 நாடுகளில் பரவிய, லிஸ்டீரியா என்ற கிருமியால் வரும் நோய், ஹங்கேரியில் பதப்படுத்திய உறைந்த மக்காச்சோளத்தோடும் காய்கறிகளோடும் தொடர்புடையது என்று கண்டறியப்பட்டது. ஒரே வகைக் கிருமி 2016, 2017, 2018 ஆகிய மூன்று ஆண்டு உற்பத்தியிலும் கிடைத்தது. அதாவது சீசனுக்குச் சீசன், கழுவியும் போகாமல், ஆலைக்குள்ளேயே தங்கியிருந்திருக்கிறது. இதைப் பிடிக்க வேண்டிய கருவி ஸ்வாப்தான்.

முடிந்த பொருளைச் சோதித்து இதைப் பிடித்துவிடலாம் என்று நம்ப முடியாது. ஒரு லாட்டில் பத்தில் ஒரு பை கெட்டது என்றால், ஐந்து பை எடுத்துச் சோதித்தால் அகப்பட வாய்ப்பு 41 சதவீதம்தான். இருபதில் ஒன்று கெட்டதென்றால், 95 சதவீத உறுதிக்கு அறுபது பை சோதிக்க வேண்டும். எனவே ஆட்களின் நேரத்தை முடிந்த பைகளிலிருந்து எடுத்து, வடிகால், கன்வேயரின் அடிப்பகுதி, உறைவிப்பானின் நுழைவாயில், விரிசல் விட்ட ரப்பர் போன்ற இடங்களில் போடுங்கள்.

இதற்கு நிரந்தர ஊழியர் ஒருவர் பொறுப்பேற்று, பருவகாலப் பணியாளரில் கவனமான ஒரே ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வது நல்லது. லிஸ்டீரியாவுக்கு உற்பத்தி தொடங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். கழுவியவுடன் எடுத்தால் ஒளிந்திருப்பது வெளியே வந்திருக்காது. கழுவியது சரியா என்று பார்க்கத் தொடக்கத்துக்கு முன் எடுப்பது வேறு நோக்கம், வேறு சாம்பிள். கிருமிநாசினியின் மிச்சம் ஸ்வாப்பில் ஏறினால் லேபில் எதுவும் வளராது. அதைச் செயலிழக்கச் செய்யும் திரவம் உள்ள ஸ்வாப்பையே வாங்க வேண்டும். குளோரின் உள்ள கழுவுநீருக்கு சோடியம் தயோசல்ஃபேட் இட்ட பாட்டில்.

இந்தச் சாம்பிள்களை வெளி லேபுக்கு அனுப்புவதே பெரும்பாலான ஆலைகளுக்குச் சரி. நோய்க்கிருமியை ஆலைக்குள் வளர்ப்பதே ஓர் அபாயம். குளிரில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். சனிக்கிழமை மாலை எடுத்ததை யார் வாங்கிக்கொள்வார்கள் என்று முன்பே கேட்டுவிடுங்கள். சீசனில் ஞாயிறும் வேலை நாள்தான்.

இடத்துக்கு இடம் எங்கள் தேர்வு

மூலப்பொருள் வாசலுக்குப் பருவகாலப் பணியாளர், நெரிசல் நேரத்தில் இருவர். ஆவியாக்கிக்குக் குழாய்க் கருவியும், அதைச் சரிபார்க்க ஆபரேட்டரின் கைச் சாம்பிளும். பி.எச்.க்கு ஆபரேட்டர் மணிக்கொரு முறை, லேப் ஆள் ஷிப்டுக்கு இருமுறை, இரு எண்ணும் ஒரே தாளில். நிரப்பும் இடத்தில் பருவகாலப் பணியாளர். ஆனால் கடிகாரத்தைப் பார்த்து மட்டும் எடுக்கக் கூடாது. முதல் பை, கடைசிப் பை, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பின் வரும் பை ஆகியவற்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும், ஏனென்றால் கெடுவது பெரும்பாலும் அங்கேதான். கூழின் இளக்கம் பார்க்கும் பாஸ்ட்விக் சோதனையைப் பருவகாலப் பணியாளரே செய்யலாம். ஒரே பிரிக்ஸுக்கு நீர்த்து, ஒரே வெப்பத்தில், குமிழி இல்லாமல், 30 நொடி. கருவி சமமட்டத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கப் பழக்குங்கள்.

கருவிக்குப் பணமில்லாத சிறிய ஆலையில், ஆவியாக்கிக்கும் கையால் எடுப்பதைத் தவிர வழியில்லை. அப்போது ஆபரேட்டர் எடுக்கட்டும். நேரத்தை அவர் முடிவு செய்யாமல் லேப் முடிவு செய்யட்டும்.

ஆள் சேர்க்கும்போது ஒப்பந்த நாளையும் கவனியுங்கள். தொடக்கம், முதல் லாரிக்குக் குறைந்தது பத்து நாள் முன்பு. முடிவு, கடைசி லாரியோடு அல்ல: அன்று நிரப்பிய பைகள் 30 டிகிரியில் 10 முதல் 14 நாள் வைத்துப் பார்த்த பிறகே விடுவிக்கப்படும். பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் தட்டுக்கும் 5 நாள் ஆகும். அதுவரை இருவராவது இருந்தால்தான், பை உப்பினால் அது எந்த மணி, எந்த நிறுத்தத்துக்குப் பின் வந்தது என்று எடுத்தவரிடமே கேட்க முடியும்.